கைபேசிக்கு வரும் எச்சரிக்கை: திருகோணமலையில் அது யாரைச் சென்றடைகிறது?

2025 நவம்பர் 27ஆம் திகதி இரவு அம்மா அழைத்தார்.

"பிள்ளை, போனில கட்டம் கட்டமா ஏதோ வந்திருக்கு. காசு வெட்டுறாங்களோ தெரியேல்ல. என்னெண்டு பார்த்துச் சொல்லு."

அம்மா இருப்பது மூதூர் கிழக்கில் ஒரு கிராமத்தில். நான் இருப்பது கொட்டியாரக்குடாவுக்கு இந்தப் பக்கம், நகரத்தில். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். அதில் தமிழ் எழுத்து இல்லை. தமிழில் எது வந்தாலும் வெறும் சதுரங்களாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பொடியன் அந்தச் செய்தியைத் தன் போனுக்கு அனுப்பி எனக்கு வாசித்துக் காட்டினான். அது சூறாவளி எச்சரிக்கை. அம்மாவின் கைக்கு வந்து நான்கு மணி நேரம் கடந்திருந்தது. அந்த நான்கு மணி நேரமும் அவர் அதை ஏதோ விளம்பரம் என்றே நினைத்திருந்தார்.

மறுநாள் டித்வா சூறாவளி கிழக்குக் கரையூடாக நாட்டுக்குள் புகுந்தது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிகப் பெரிய இழப்பு மலையகத்தில் நேர்ந்தது. எங்கள் மாவட்டத்தில் நவம்பர் 30ஆம் திகதி மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. மூதூர், சேருவில, வெருகல் பக்கத்து மக்கள் படகுகளிலும் ஹெலிகொப்டர்களிலும் மீட்கப்பட்டார்கள். சூறாவளி போன பின்னர் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை? சொன்னதாக அதிகாரிகள் சொன்னார்கள். சொன்னது தங்களுக்கு வந்து சேரவில்லை என்று மக்கள் சொன்னார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை அம்மாவின் போனில் நான் பார்த்தேன்.

எச்சரிக்கை எப்படிப் புறப்படுகிறது, எந்த வழியாக வருகிறது, எங்கெங்கே நின்றுவிடுகிறது, நாம் என்ன செய்து வைக்கலாம் என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எச்சரிக்கை எங்கே பிறக்கிறது?

2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்ராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியபோது இலங்கை நேரம் காலை 6.58. கடல் எங்கள் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்கு எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் அமைப்பே இருக்கவில்லை. அப்போது எனக்கு 12 வயது. கடல் உள்வாங்கியதைப் பார்த்த ஒரு வள்ளக்காரர் கத்தியதுதான் எங்கள் ஊருக்குக் கிடைத்த எச்சரிக்கை. இலங்கை முழுவதும் 30,000க்கு மேற்பட்டோரை அந்தக் காலையில் இழந்தோம்.

அதன் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. மாவட்டந்தோறும் அதற்கு ஒரு பிரிவு உண்டு. இன்றைய ஒழுங்கு இதுதான்: சூறாவளி, கனமழை, கடல் கொந்தளிப்பு பற்றிய எதிர்வுகூறல் வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து வரும். ஆற்று வெள்ளம் பற்றியது நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து வரும். மண்சரிவு பற்றியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வரும். இவற்றைப் பெற்று மக்களுக்கும் மாவட்டங்களுக்கும் அனுப்புவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் வேலை. மாவட்டத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கிராம உத்தியோகத்தருக்கும், அவரிடமிருந்து ஊருக்கும் தகவல் இறங்க வேண்டும்.

இந்தப் படிகளுக்குப் பக்கவாட்டில் போடப்பட்ட குறுக்குவழிதான் கைபேசி. 2009இல் டயலொக் நிறுவனம், மொறட்டுவைப் பல்கலைக்கழகம், மைக்ரோஇமேஜ் நிறுவனம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பயன்பாட்டுக்கு வந்தது. டியூன் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். குறுஞ்செய்தி, செல் ஒலிபரப்பு ஆகிய இரண்டு வழிகளையும் அது பயன்படுத்தியது. பொது இடங்களில் வைத்து ஒலி எழுப்பக்கூடிய ஒரு கருவியும் அதனோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டது. கரையோரத்தில் நிறுவப்பட்ட 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் இன்னொரு ஏற்பாடு. அவற்றில் பல பின்னாளில் பழுதாகி நின்றதால் கைபேசியின் மீது விழும் பாரம் இன்னும் கூடியது.

இரண்டு வழிகள், இரண்டு விதமான தடைகள்

கைபேசிக்கு வரும் எச்சரிக்கை எல்லாம் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

குறுஞ்செய்தி தபால்காரர் வீடு வீடாகக் கடிதம் கொடுப்பது போன்றது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். இலட்சக்கணக்கான இலக்கங்களுக்கு அனுப்பும்போது வரிசை நீளும். அதே நேரத்தில் எல்லோரும் உறவினரை அழைத்துக்கொண்டிருந்தால் வலையமைப்பு நெருக்கடியாகி, செய்தி மணிக்கணக்கில் தாமதமாகும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் இதைக் கண்டோம். சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நில நடுக்கம் ஏற்பட்டுச் சுனாமி எச்சரிக்கை வந்ததும், கரையோர மக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். அழைப்புகள் போகவில்லை. அன்று நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. அதனால் தப்பினோம்.

செல் ஒலிபரப்பு வானொலி போன்றது. கோபுரம் ஒருமுறை சொல்லும். அந்தக் கோபுரத்தின் வீச்சுக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் அதைக் கேட்கும். உங்கள் இலக்கம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. போனில் காசு இருக்க வேண்டியதில்லை. நெருக்கடியும் அதைத் தடுக்காது. வெருகல் பக்கத்துக் கோபுரங்களை மட்டும் தெரிவு செய்து, நகரத்தை விட்டுவிடவும் முடியும். நவீன போன்களில் இது சாதாரணச் செய்தி போல் வராது. திரை முழுவதையும் மறைத்து, போன் அமைதி நிலையில் இருந்தாலும் உரத்த ஒலியுடன் வரக்கூடியது. இந்தியாவில் 2023இல் இதைப் பரீட்சித்தபோது தமிழ்நாட்டிலுள்ள உறவினர்கள் பயந்துபோய் எங்களுக்கு வட்ஸ்அப்பில் எழுதியது பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் இதற்கும் தடைகள் உண்டு. போன் அணைந்திருந்தால் வராது. போனின் அமைப்பில் அவசர எச்சரிக்கை நிறுத்தப்பட்டிருந்தால் வராமல் போகலாம். பழைய போன்களில் அதற்கான அலைவரிசையை நாமே திறந்துவிட வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாமல் போனால் மின்கலம் சில மணி நேரம்தான் தாங்கும். டித்வா நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகவே அற்றுப்போயின. எனவே கைபேசி எச்சரிக்கை புயலுக்கு முன்னர் பயன்படுவது. புயல் வந்த பிறகு அதை நம்பியிருக்க முடியாது.

தமிழுக்கு 70 இடம்

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்று ஒரு படம் வரைந்து மனப்பாடம் செய்தோம். இடையில் நுழையும் தடைக்கு இரைச்சல் என்று பெயர். அந்த இரைச்சல் எழுத்திலேயே இருக்கலாம் என்று யாரும் அப்போது சொல்லித் தரவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70 இடங்கள்தான். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று நினைப்பதைப் போன் இரண்டாக எண்ணும். 'வெ' என்பது வகரமும் கொம்பும் என இரண்டு இடம். 'ள்' என்பது ளகரமும் புள்ளியும் என இரண்டு இடம். 'வெள்ளம்' நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு ஏழு இடம். 'திருகோணமலை' நமக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பத்து இடம். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகும். ஒரு துண்டு பிந்தினால் மற்றது பொருளில்லாமல் நிற்கும்.

ஆகவே திணைக்கள அறிக்கையை அப்படியே தமிழாக்கி அனுப்புவது பயன் தராது. "தாழமுக்க நிலை காரணமாகக் கிழக்குக் கரையோரப் பிரதேசங்களில் வாழும் பொதுமக்கள் அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது எழுபதைக் கடந்து வெகுதூரம் போகிறது. இவ்வளவு நீளத்திலும் அது எந்த ஊர், எத்தனை மணி, என்ன செய்வது என்று சொல்லவில்லை. இப்படி எழுதிப் பார்த்தேன்:

"வெருகல் ஆறு பெருகுகிறது. இரவு 8 மணிக்கு முன் பாடசாலைக்குப் போங்கள்."

67 இடங்கள். எழுபதுக்குள் அடங்கிவிட்டது. நல்ல எச்சரிக்கையில் ஐந்து விடயங்கள் இருக்க வேண்டும் என்பார்கள்: யார் சொல்கிறார், என்ன ஆபத்து, எங்கே, எப்போது, என்ன செய்வது. 'யார்' என்பது அனுப்புநர் பெயரில் தெரிந்துவிடும். மிச்சம் நான்கும் இந்த ஒரு வரியில் இருக்கின்றன. இதை எழுதப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. அந்த ஊரையும் அந்த மொழியையும் தெரிந்த ஒருவர் அந்த இரவில் கடமையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டித்வாவின்போது எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த அளவுக்கும் வேகத்துக்கும் தமிழில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. 1988இல் 16ஆம் திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. மொழி உரிமை என்றதும் பெயர்ப்பலகையும் படிவமும்தான் நம் நினைவுக்கு வரும். நள்ளிரவில் வரும் வெள்ள எச்சரிக்கையில் அந்த உரிமை உயிரோடு சம்பந்தப்பட்டது. மலையகத்தில் லயத்து மண் சரியும் முன்பு வந்திருக்க வேண்டிய ஒரு தமிழ் வரியை நினைத்துப் பாருங்கள்.

கடலில் இருப்பவர்கள்

துறைமுக மாவட்டத்தில் ஒரு பகுதி மக்கள் எப்போதும் கோபுரத்தின் வீச்சுக்கு வெளியே இருக்கிறார்கள். பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் ஒரு கோபுரம் எட்டக்கூடிய தூரத்தின் உச்சவரம்பு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். நடைமுறையில் அதைவிடக் குறைவு. திருக்கடலூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ புறப்படும் சிறிய படகு கரையை அண்டி நின்றால் போன் பிடிக்கும். பலநாள் கலம் போகும் தூரத்தில் போன் வெறும் மணிக்கூடுதான். அங்கே வானொலித் தொடர்புக் கருவி ஒன்றே துணை. சிறிய படகுகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

எனவே மீனவருக்கான எச்சரிக்கை அவர் கரையில் இருக்கும்போதே, அதாவது வள்ளம் தள்ளும் முன்பே வந்தாக வேண்டும். எங்கள் பக்கத்து மூத்த மீனவர்களிடம் பேசினால் காற்று மாறுவதைப் பற்றிச் சொல்வார்கள். வாடைக்குரிய காலத்தில் காற்று திடீரென விழுந்து கடல் எண்ணெய் போல் கிடந்தால் போகமாட்டார்கள். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அண்மைக்காலத்தில் காற்றும் பருவமும் பழைய கணக்குக்குள் நிற்பதில்லை என்று சொல்பவர்களும் அவர்களேதான். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, நாள் முன்னதாகவே எச்சரிக்கை வந்து மீனவர்கள் கடலுக்குப் போகாமல் நின்றார்கள். அன்று அஞ்சிய அளவுக்கு அழிவு நேரவில்லை. அப்படி நேராமல் போன பிறகு "சும்மா பயப்படுத்தினாங்கள்" என்ற பேச்சும் கரையில் கிளம்பியது. அடுத்த எச்சரிக்கைக்கு அந்தப் பேச்சு ஒரு தடையாகிறது.

பிழையான எச்சரிக்கையின் விலையும் சிறியதல்ல. 2018 ஜனவரி 13ஆம் திகதி ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று எல்லாக் கைபேசிகளுக்கும் தவறான செய்தி போய், அதைத் திருத்தி மறுசெய்தி அனுப்ப 38 நிமிடங்கள் ஆயின. அவ்வளவு வசதியுள்ள இடத்திலேயே நடந்தது. ஆபத்து நீங்கியதும் அதைச் சொல்லும் செய்தியும் அதே வழியில், அதே மொழிகளில் வர வேண்டும்.

"வெளியேறுங்கள்" என்ற சொல்

அன்றிரவு செய்தியை விளக்கிச் சொன்ன பிறகும் அம்மா புறப்படவில்லை.

"ஆர் சொன்னது?" என்று கேட்டார். அரசாங்கம் என்றேன். "முந்தியும் இரண்டு நாளைக்கெண்டுதானே வெளிக்கிட்டனாங்கள்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் பதில் வரவில்லை.

2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு எங்கள் பக்கத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஷெல் விழத் தொடங்கியதும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி என்று முகாம் மாறி முகாம். சம்பூரும் அதைச் சூழ்ந்த நிலமும் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. சொந்தக் காணிக்குத் திரும்பும் வழி 2015இல்தான் திறந்தது. இரண்டு நாளைக்கென்று பூட்டிய வீட்டுக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியபோது வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது.

இப்படி வாழ்ந்தவர்களுக்கு 'வெளியேறுங்கள்' என்பது வானிலைச் சொல் அல்ல. ஒலிபெருக்கி வைத்த வாகனம், சீருடை, திரும்ப முடியாத பாதை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தொலைபேசி இணைப்புகள் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்ட காலத்தைக் கண்டவர்கள், அதே போனில் அரசாங்கம் அக்கறையோடு பேசுகிறது என்று உடனே நம்பிவிட மாட்டார்கள். அனர்த்த முகாமைத்துவம் பற்றிய கூட்டங்களில் "மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை" என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பொருட்படுத்தாமல் இல்லை. வேறொன்றை அதைவிட அதிகமாகப் பொருட்படுத்துகிறார்கள்.

இதற்கு விடை செய்தியின் வாசகத்திலேயே இருக்கலாம். எங்கே போவது என்பதோடு எப்போது திரும்பலாம், விட்டுப்போகும் வீட்டையும் ஆடு மாடுகளையும் யார் பார்ப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே ஊரோடு பேசி வைத்திருந்தால் மக்கள் புறப்படுவார்கள். சூறாவளி இரவில் அதைப் பேசத் தொடங்க முடியாது.

அம்மா புறப்பட்டது என் சொல்லைக் கேட்டு அல்ல. விடியற்காலை ஊரின் முன்பள்ளி ஆசிரியை வாசலில் வந்து நின்று, "நானும் போறன், வாங்கோ அக்கா" என்று சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கடைசித் தூரம் மனிதருடையது

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. 2004 சுனாமியன்று புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்துக்கு எச்சரிக்கை கொடுத்தது சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. வழமையாகக் கடல் நிலவரம் சொல்லும் அந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்லப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த அந்தக் கிராமம் தப்பியது. அழைப்பு ஒன்று. ஆனால் ஊர் ஏற்கெனவே நம்பிய குரல் அதற்குத் தேவைப்பட்டது.

வங்காளதேசத்தில் 1970 சூறாவளி இலட்சக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, செஞ்சிலுவைச் சங்கமும் அரசும் சேர்ந்து கிராமத் தொண்டர்களைப் பயிற்றுவித்தன. கொடியும் கையொலிபெருக்கியும் சைக்கிளும்தான் அவர்களின் கருவிகள். அங்கே சூறாவளிச் சாவுகள் பெருமளவு குறைந்ததற்குப் புகலிடக் கட்டடங்களோடு இந்தத் தொண்டர்களும் காரணம். இலங்கையிலும் சுனாமிக்குப் பிறகு லேர்ண்ஏசியா நிறுவனமும் சர்வோதயமும் 32 கிராமங்களில் வெவ்வேறு எச்சரிக்கைக் கருவிகளைப் பரீட்சித்தன. கருவியோடு ஊருக்குப் பயிற்சியும் சேர வேண்டும் என்பதே அங்கே கிடைத்த பாடம்.

2027 முடிவுக்குள் உலகில் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2022இல் இலக்கு வைத்தது. அந்த 'எல்லோரும்' என்பதில் சதுரங்கள் மட்டும் தெரியும் போனை வைத்திருப்பவரும் இருக்கிறார்.

இப்போதே செய்து வைக்கக்கூடியவை

உங்கள் போனில் அமைப்புகளுக்குப் போய், அவசர எச்சரிக்கை என்ற பகுதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரின் போனையும் வாங்கிப் பாருங்கள்.

பழைய போன் என்றால் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிச் சோதியுங்கள். கட்டங்கள் தெரிந்தால், கட்டமாக எது வந்தாலும் உடனே யாரிடம் காட்ட வேண்டும் என்று ஓர் ஆளைத் தெரிவு செய்து வையுங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன் நனைந்தால் அதிலுள்ள இலக்கமும் போய்விடும்.

வட்ஸ்அப் குழுவில் வரும் எச்சரிக்கையைப் பகிரும் முன்பு திகதியையும் இடத்தையும் பாருங்கள். பழைய எச்சரிக்கைகள் ஒவ்வொரு மழைக்கும் மீண்டும் சுற்றுக்கு வருகின்றன.

நவம்பர், டிசெம்பர் மாதங்களில் கரண்ட் போகும் முன்பே போனைச் சார்ஜ் செய்து, மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலி ஒன்றையும் வைத்திருங்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் இடுங்கள். இதை எங்கள் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யுத்தம் ஏற்கெனவே சொல்லித் தந்துவிட்டது.

உங்கள் மீனவர் சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும், எச்சரிக்கை வந்தால் ஒலிபெருக்கியைத் திறப்பவர் யார், திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மழைக்கு முன்பே தீர்மானியுங்கள். மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் ஊருக்கு எச்சரிக்கையைத் தமிழில் எழுதி அனுப்பும் பொறுப்பு இரவு நேரத்தில் யாருடையது?

அம்மா பாடசாலையில் சில நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து போயிருந்தது. அரிசி போய்விட்டது. காணி அனுமதிப்பத்திரம் அவருடைய பையில் இருந்தது. இப்போது தமிழ் தெரியும் போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் தமிழில் வந்த விளம்பரங்களை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார். பையை மட்டும் கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியில் இருந்து இன்னும் எடுக்கவில்லை.